செம்புப் பட்டையின் சூடு

செப்டம்பர் 8

வந்துவிட்டது.

அட்டைப் பெட்டிக்குள் நுரை, நுரைக்குள் கறுப்புப் பை, பைக்குள் அது. துப்பாக்கி போன்ற பிடி. முன்னால் ஒரு கறுத்த கண், பின்னால் உள்ளங்கை அகலத்தில் திரை. இந்தக் கேமரா வெளிச்சத்தைப் பார்க்காது, சூட்டை மட்டும் பார்க்கும். சூடான பொருள் மஞ்சளாக, வெள்ளையாகத் தெரியும். குளிர்ந்தது நீலமாக.

முதலில் விடுதி அறையின் சுவரைப் பார்த்தேன். வெறும் சுவர். உள்ளங்கையை அழுத்தி எடுத்தேன். கை வந்துவிட்டது, ஆனால் திரையில் சுவரின் மேல் இன்னும் கை இருந்தது. ஐந்து விரல்களும். பிறகு மெல்ல மங்கியது. மறுபடி வைத்தேன். மறுபடியும்.

"என்னடி சுவத்தத் தடவிட்டு நிக்கற?" அறைத்தோழி ஜான்சி. அரசு மருத்துவமனையில் செவிலி. அப்போதுதான் குளித்துவிட்டு வந்திருந்தாள்.

அவளுக்கு அவளையே காட்டினேன். முடி நீலம். காது மஞ்சள். மூக்கு நுனி கறுநீலம்.

"எனக்கு மூக்கு செத்துப்போச்சா?"

ஜன்னலைப் பார்த்தேன். வெளியே நிற்கும் வேப்பமரம் திரையில் இல்லை. சூட்டுக்குக் கண்ணாடியும் சுவர்தான். எம்.எஸ்ஸி.யில் படித்தது. படித்தது வேறு, மரம் காணாமல் போவதைப் பார்ப்பது வேறு.

அம்மா போன் செய்தாள். வகுப்பில் போர்ஷன் எவ்வளவு முடிந்தது என்று கேட்டாள். பாதி என்றேன்.

செப்டம்பர் 11

முதல் நாள், மில்லில்.

உடுமலைக்கு மேற்கே ஒரு நூல் மில். எங்கும் பஞ்சு. காற்றில், குழல்விளக்கின் மேல், நடப்பவர்களின் புருவத்தில். ஒரு பொறி போதும். அந்தப் பொறி பெரும்பாலும் மின்சாரப் பேனல்களில்தான் பிறக்கிறது. போல்ட் தளர்ந்த இணைப்பு சூடேறும், சூடேறச் சூடேற இன்னும் தளரும். அதை முன்கூட்டியே கண்டுபிடித்துச் சொல்வதுதான் நான் தொடங்கியிருக்கும் தொழில்.

மேனேஜர் சென்னியப்பன் நிபந்தனையை நின்றுகொண்டே சொன்னார்.

"தீவாளி வரைக்கும் வந்து பாருங்க அம்மிணி. உபயோகமிருந்தா மூணு யூனிட்டும் உங்களுக்குத்தான். இல்லீன்னா காப்பியக் குடிச்சுட்டுப் போயிருங்க. எனக்கு ஒண்ணும் வருத்தமில்லீங்க."

எனக்கு வேறு மில் இல்லை. ஜூனில் கல்லூரி விரிவுரையாளர் வேலையை விட்டுவிட்டேன், அம்மாவுக்கு இன்னும் சொல்லவில்லை. இவர் வேண்டாம் என்றால் அந்தக் கல்லூரி வாசலில் போய்த்தான் நிற்க வேண்டும், திறந்தால்.

மின்சாரப் பகுதி போர்மேன் ஆறுச்சாமி மெயின் பேனலின் கதவைத் திறந்தார். கேமராவை ஏற இறங்கப் பார்த்தார்.

"இந்த டார்ச்சு என்ன பண்ணுமுங்க?"

"டார்ச் இல்லைங்க. சூட்டைப் பார்க்கும்."

"சூட்டத் தொட்டாத் தெரிஞ்சுட்டுப் போகுது."

"இதைத் தொட்டா நீங்க இருக்க மாட்டீங்களே."

சிரித்தார். "அதுஞ் செரிதான்."

பேனலுக்குள் பெரிய மின்சாரம் ஓடும் செம்புப் பட்டைகள். பட்டையும் பட்டையும் சேரும் இடத்தில் போல்ட்டுகள். பழுப்பேறி, தூசி படிந்து கிடந்தன. தரையில் போட்டிருந்த மஞ்சள் கோட்டுக்கு இந்தப் பக்கம் நின்று கேமராவை உயர்த்தினேன். வரிசையாக மங்கிய ஊதா. நடுவில் ஒரே ஓர் இணைப்பு மட்டும் வெளுத்துக் கிடந்தது.

அடுத்தடுத்து நாலு படம் எடுத்தேன்.

சென்னியப்பனிடம் படத்தைக் காட்டினேன். "உடனே தீப் புடிச்சுக்குமா?" என்றார். இல்லை, ஆனால் விட்டுவைக்கக் கூடாது என்றேன். தீபாவளி ஆர்டர் ஓடுகிறது, நிறுத்த முடியாது, ஆயுத பூஜைக்கு எப்படியும் அரை நாள் மில் நிற்கும், ஆறுச்சாமி அன்று போல்ட்டை முறுக்கிவிடுவார் என்றார். ஒப்புக்கொண்டேன்.

பஸ்ஸில் நின்றுகொண்டு வந்தேன். உட்கார இடம் இருந்தது.

செப்டம்பர் 15

இரண்டாம் முறை. சென்னியப்பனும் கூட வந்தார். திரை முழுக்க நீலம். மோட்டார் நீலம், பாய்லர் குழாய் நீலம், சென்னியப்பன் நீலம்.

"நானும் செத்துட்டனா அம்மிணி?"

அணைத்துப் போட்டேன். 'அளவு சரிசெய்யப்படுகிறது' என்று ஒரு வட்டம் சுற்றியது. சுற்றிக்கொண்டே இருந்தது. அவர் போனை எடுத்துப் பேசியபடி போய்விட்டார். வட்டம் நின்றபோது நானும் ஆறுச்சாமியும் மட்டும்.

"டார்ச்சுக்குப் பசி போல இருக்குதுங்க," என்றார்.

செப்டம்பர் 16

சேவை மையம். பெங்களூரில் எங்கோ இருக்கிறது. தமிழுக்கு எண்ணை அழுத்தினால் பாட்டு. பாட்டுக்கு நடுவே என் அழைப்பு அவர்களுக்கு முக்கியம் என்று ஒரு பெண். பிறகு ஜெபின் என்ற ஒருவர்.

"பேட்டரியைக் கழற்றி மீண்டும் பொருத்திப் பார்த்தீர்களா மேடம்?"

"பார்த்தேன்."

"தயவுசெய்து இப்போது ஒருமுறை செய்து பாருங்கள்."

எழுதி வைத்திருப்பதை வாசிக்கிறார். கேட்டாலே தெரிகிறது. என் பதில் எதுவாக இருந்தாலும் அடுத்த கேள்வி மாறுவதில்லை. மென்பொருளைப் புதுப்பிக்கச் சொன்னார். விடுதி வைஃபையில் பொழுது சாயும்வரை இறங்கியது.

செப்டம்பர் 19

என் புகார் 'தீர்க்கப்பட்டது' என்று செய்தி. கேமரா அப்போது மேசையில் வட்டம் சுற்றிக்கொண்டிருந்தது.

செப்டம்பர் 22

இன்று முழுவதும் ஒழுங்காக வேலை செய்தது. காரணம் தெரியவில்லை. காரணமில்லாமல் ஒழுங்காக இருப்பதும் ஒரு கோளாறுதான்.

வெயிலில் நின்ற மாட்டின் உடம்பைப் பார்த்தேன். வெள்ளைத் திட்டு குளிர்ச்சி, கறுப்புத் திட்டு கொதிப்பு. ஒரே மாட்டின் மேல் இரண்டு பருவங்கள். மாட்டுக்காரர் "ஊசி போடவா வந்திருக்கீங்க?" என்றார்.

செப்டம்பர் 26

கேமராவை அனுப்பச் சொல்கிறார்கள். திரும்பி வர ஆறு வாரம். மாற்றுக் கேமரா தர வழியில்லை. அனுப்பினால் தீபாவளிக்கு என் கையில் ஒன்றும் இருக்காது.

"அது எங்கள் கொள்கை மேடம்," என்றார் ஜெபின்.

"உங்க கொள்கைக்கு ஒரு முகம் இருந்தா அதை என் கேமராவுல பார்க்கணும். நீலமாத்தான் இருக்கும்."

மிக மெல்ல, வாசிப்புக் குரல் இல்லாமல், "உள்ளதுதான் மேடம்." நாகர்கோவில் பக்கத்துக் குரல்.

எரிந்து விழுந்ததற்குக் கொஞ்சம் வருத்தப்பட்டேன். பிறகு இன்னொரு புகார் எழுதினேன். இதுவரை எழுதியதிலேயே நீளமானது. சென்னியப்பனுக்கும் ஒரு பிரதி அனுப்பினேன். தவறு கேமராவுடையது, என்னுடையது இல்லை என்று அவருக்குத் தெரிய வேண்டும்.

அக்டோபர் 1

ஆயுத பூஜை. மில் நின்றிருந்தது. இவ்வளவு பெரிய கட்டடம் பேசாமல் இருந்தால் காது வலிக்கிறது.

ஒவ்வொரு இயந்திரத்துக்கும் வாழைக்கன்று, மாலை. பொரியும் சுண்டலும் மலையாக. மில் ஹாஸ்டலில் தங்கி வேலை செய்யும் பெண்கள் பட்டுப்பாவாடையில் இயந்திரங்களுக்கு இடையே போட்டோ எடுத்துக்கொண்டார்கள். வாசலில் பூசணிக்காய் உடைத்தார்கள். என் கேமராவையும் ஸ்பானர்களோடு சேர்த்துச் சாமிப் படத்துக்கு முன்னால் வைத்தோம். ஆறுச்சாமி சந்தனக் கிண்ணத்தோடு வந்து அதன் கண்ணுக்கே விரலைக் கொண்டுபோனார். பாய்ந்து பிடித்தேன்.

"அங்கே வேண்டாங்க. குருடாயிடும்."

"இப்ப மட்டும் என்னவாம்?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும்.

இணைப்பை முறுக்கியாகிவிட்டதா என்று கேட்டேன். "எல்லாம் பாத்தாச்சுங்க. ஒவ்வொண்ணும் பளபளன்னு இருக்குது. வேலைக்கு ஒரு கொறையும் வெக்கல." பேனல் கதவுகள் மூடி, மாலை போட்டிருந்தார்கள். மாலையைக் கழற்றச் சொல்ல மனமில்லை.

அக்டோபர் 4

குணமாகிவிட்டது.

மெயின் பேனல் முழுக்க அடர்நீலம். அந்த இணைப்பும் நீலம். மற்ற எல்லா இணைப்பும் முன்பைவிட நீலம். நான் சொன்னேன், அவர்கள் முறுக்கினார்கள், சூடு போய்விட்டது. முதல் முறையாக நான் சொன்ன ஒன்றால் உலகில் ஏதோ மாறியிருக்கிறது. கண் திரையை விட்டு நகரவில்லை.

ஒரே ஒரு குறை. அந்த இணைப்பு இருக்கும் இடத்தில் சிறிய வட்டமாக ஒரு வெள்ளைப் புள்ளி. பொத்தான் போல. இது கேமராவின் புதுக் கோளாறு. உள்ளே ஏதோ ஒரு மூலை செத்துவிட்டது. மூன்று கோணங்களில் படமெடுத்துச் சேவை மையத்துக்கு அனுப்பினேன். கடுமையாகவே எழுதினேன்.

சென்னியப்பனுக்கு அறிக்கை கொடுத்தேன். மெயின் பேனல் பாதுகாப்பானது. கையெழுத்து.

"அப்ப பயமில்லீங்களா?"

"பயமில்லைங்க."

"இப்படிச் சொல்றதுக்குத்தானுங்க ஒரு ஆளு வேணும்."

ஜான்சிக்கு பரோட்டா வாங்கிப் போனேன்.

அக்டோபர் 6

சேவை மையத்தின் பதில்: "கேமராவை அசைக்கும்போது புள்ளி திரையோடு நிற்கிறதா, பொருளோடு போகிறதா என்பதைத் தெரிவிக்கவும்."

மறுபடியும் அச்சடித்த கேள்வி. இயற்பியல் படித்தவளிடம் அசைத்துப் பார்த்தாயா என்கிறார்கள். பதில் எழுதவில்லை.

அக்டோபர் 8

மாலை. துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். தெரியாத எண்.

"கோகிலவாணி மேடமா? ஜெபின். சர்வீஸ் சென்டர்ல உள்ள ஜெபின். இது எனக்க சொந்த நம்பர், கேட்டீங்களா. ஆபீஸ் போன்ல இதப் பேச நேரம் தர மாட்டாங்க."

"சொல்லுங்க."

"நீங்க அனுப்பின மூணு படத்தையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பாத்தேன். ஒண்ணுல புள்ளி இடது பக்கம் கெடக்கு. ஒண்ணுல நடுவுல. ஒண்ணுல மேல. கேமராவுக்குள்ள உள்ள கோளாறுன்னா அது எடம் மாறாதுல்லா?"

கிளிப் என் வாயில் இருந்தது. எடுக்கவில்லை.

"செரி, அப்போ புள்ளி கேமராவுல இல்ல. அங்கதான் எங்கயோ இருக்கு. வேற ஒண்ணும் எனக்குத் தெரியாது மேடம். ஏசாதீங்க."

ஏசவில்லை. நன்றி சொன்னேனா என்று நினைவில்லை. ஆறுச்சாமியை அழைத்தேன்.

"அந்த நடு இணைப்புல ஏதாவது ஒட்டியிருக்காங்க?"

"ஒண்ணுமில்லீங்களே." சற்று யோசித்தார். "பொட்டு இருக்குது. பூசைக்கு வெச்சது. நீங்க கோளாறுன்னு சொன்ன ஜாயிண்டாச்சே, பாவம்னு அதுக்கு மட்டும் தனியாச் சந்தனம் வெச்சேன்."

"பட்டையெல்லாம் எப்படி இருக்கு? பார்க்க?"

"அதையேன் கேக்கறீங்க. கரண்டை நிறுத்திப்போட்டுப் புளியும் உப்பும் போட்டு நானும் ரெண்டு பசங்களும் தேச்சமுங்க. கோயில் குத்துவெளக்கு தோத்துப்போகும். மூஞ்சி பாக்கலாம்."

துணியை அப்படியே விட்டுவிட்டு மாடிப்படியில் உட்கார்ந்தேன்.

பளபளக்கும் உலோகம் தன் சூட்டை வெளியே காட்டாது. எதிரே இருக்கும் அறையைத்தான் கண்ணாடி போலக் காட்டும். எத்தனை கொதித்தாலும் கேமராவுக்கு அது நீலம். பழுப்பும் தூசியும் இருந்தவரை பட்டை உண்மையைச் சொன்னது. விளக்கிய பிறகு வாயை மூடிக்கொண்டது. சந்தனம் பளபளப்பு இல்லாத பூச்சு. முழுப் பட்டையிலும் அது ஒன்றுதான் உண்மையான சூட்டைக் காட்டிக்கொண்டிருந்தது. நான் அதைக் கோளாறு என்று எழுதினேன்.

இதை நான் வகுப்பில் நடத்தியிருக்கிறேன். கரும்பலகையில் வரைந்து.

நாலாம் தேதி நான் பேனலைப் பார்க்கவே இல்லை. திரையைப் பார்த்தேன்.

பழைய படத்தையும் புதிய புள்ளியையும் ஒப்பிட்டேன். செப்டம்பரைவிட இப்போது சூடு அதிகம். மிக அதிகம். அதன்மேல் என் கையெழுத்து இருக்கிறது. சென்னியப்பனை அழைத்தேன். எடுக்கவில்லை. மறுபடி அழைத்தேன். "காலையில நேர்ல வாங்க" என்று செய்தி வந்தது. ஆறுச்சாமியிடம் சொன்னேன். தீயணைப்பு உருளையோடு ஓர் ஆளைப் பேனல் அறையில் நிறுத்துவதாகவும், தேவையில்லாத ஒரு வரிசை இயந்திரத்தைத் தன் பொறுப்பில் அணைப்பதாகவும் சொன்னார். அதற்கு மேல் அவருக்கு அதிகாரமில்லை.

அம்மா அழைத்தாள். எடுக்கவில்லை.

அக்டோபர் 9

முதல் பஸ்.

சென்னியப்பன் கோபப்படவில்லை. அது இன்னும் மோசம்.

"உக்காருங்க அம்மிணி. மொதல்ல சூடுன்னீங்க. செரீன்னோம். அப்பறம் பயமில்லீன்னு கையெழுத்துப் போட்டீங்க. செரீன்னோம். இப்ப மறுபடியும் சூடுங்கறீங்க. நடுவுல கேமரா ஒண்ணுக்கும் ஒதவாதுன்னு கம்பெனிக்கு எழுதின லெட்டரு எனக்கும் வந்துச்சு." போனைத் தட்டிக் காட்டினார். "இதுல எதைப் பாத்து மில்ல நிறுத்தட்டும்?"

மேசையில் காபி கொண்டுவந்து வைத்தார்கள். எவர்சில்வர் டம்ளர். புதிது. ஜன்னல் முழுவதும் அதில் வளைந்து தெரிந்தது.

"இதைத் தொடுங்க," என்றேன்.

தொட்டார். கையை எடுத்தார். "சுடுது."

"கேமரா என்ன சொல்லுதுன்னு பாருங்க."

கேமராவை இயக்கினேன். அளவு சரிசெய்யப்படுகிறது. வட்டம்.

காத்திருந்தோம். வட்டம் சுற்றியது. காபியில் ஆடை படிந்தது. சுவர்க் கடிகாரத்தைப் பார்க்காமல் இருக்க முயன்றேன். வாசலில் ஆறுச்சாமி ஒரு காலை மாற்றி இன்னொரு காலில் நின்றார்.

"இன்னொரு காப்பி சொல்லட்டுங்களா?" என்றார் சென்னியப்பன். கேலியா இல்லையா தெரியவில்லை.

"சொல்லுங்க. நல்ல சூடா."

இரண்டாவது டம்ளர் வரும்போது திரை விழித்தது. டம்ளருக்கு நேரே பிடித்தேன். உள்ளே காபி வெள்ளை வட்டமாக எரிந்தது. டம்ளரின் பக்கம் நீலம். அந்த நீலத்தில் கேமராவைப் பிடித்திருக்கும் ஓர் ஆள், மங்கலாக. நான்தான்.

"தொட்டுப் பாருங்க."

தொட்டார். விரலை உதறினார். திரையைப் பார்த்தார். மறுபடி டம்ளரை.

"சில்லுன்னு காட்டுதே."

"பளபளப்பா இருக்கறதுனால. இப்ப பாருங்க."

அவர் மேசைக்கு மேலே பிள்ளையார் படம். காலைப் பூஜைச் சந்தனம் சிறு கிண்ணத்தில். கேட்காமலே எடுத்தேன். டம்ளரின் பக்கத்தில் ஒரு பொட்டு வைத்தேன். ஈரம் உலர ஊதினேன். நீல டம்ளரின் மேல் மஞ்சளாக ஒரு புள்ளி முளைத்தது. பிறகு வெளுத்தது. நாலாம் தேதி எடுத்த படத்தை அதன் பக்கத்தில் வைத்தேன். நீலப் பட்டை. வெள்ளைப் பொட்டு.

சென்னியப்பன் இரண்டையும் பார்த்தார். எழுந்தார்.

"ஆறுச்சாமி. நிறுத்து."

"எந்த வரிசைங்க?"

"மில்ல நிறுத்துங்கறேன்."

ஒவ்வொரு வரிசையாக அடங்கியது. பெண்கள் பஞ்சு ஒட்டிய தலையோடு வராந்தாவுக்கு வந்தார்கள். "என்னக்கா, தீவாளி லீவு இன்னைக்கே விட்டாச்சா?" என்றாள் ஒருத்தி.

மின்சாரம் முழுக்கத் துண்டித்தாகிவிட்டது என்று சோதித்த பிறகு ஆறுச்சாமி உள்ளே கை விட்டார். முன்பக்க போல்ட்டுகள் இறுக்கமாகவே இருந்தன. அவர் நன்றாகத்தான் முறுக்கியிருந்தார். பட்டையைக் கழற்றி வெளியே எடுத்தார்கள். பின்பக்க வாஷர் இரண்டாகப் பிளந்து, முறுக்கியும் பட்டைகள் ஒட்டாமல் இருந்திருக்கின்றன. செம்பின் முதுகு கறுத்து, குழி விழுந்து, கருகிய வாடை. பேனலின் அடியில் சேர்ந்திருந்த பஞ்சு தேநீர் நிறத்துக்கு வந்திருந்தது. இன்னும் எரியவில்லை. அவ்வளவுதான்.

சென்னியப்பன் அந்தப் பஞ்சை இரு விரலால் எடுத்தார். அது தூளாக உதிர்ந்தது.

ஆறுச்சாமிதான் முதலில் பேசினார். "முன்னாடி இருந்தத எல்லாம் வெளக்கினேன். பின்னாடி பாக்கல."

"நானும் பாக்கலைங்க," என்றேன்.

"ஆனா அம்மிணி, பொட்டு வெச்சது நானுங்க. அப்ப கண்டுபுடிச்சதுல பாதி எனக்கு."

"பாதியும் வெச்சுக்க, பட்டையப் புளி போட்டுத் தேச்சதுக்கு ஒரு நாள் சம்பளத்தையும் வெச்சுட்டுப் போ," என்றார் சென்னியப்பன். அதற்குப் பிறகுதான் எல்லோரும் மூச்சு விட்டார்கள்.

புதுப் பட்டை, புது வாஷர். ஸ்டோரில் இருந்தது. பஞ்சு மூட்டைகளில் எண் எழுதும் கறுப்பு மை டப்பாவைக் கொண்டுவரச் சொன்னேன். பளபளப்பு இல்லாத மை. ஒவ்வொரு இணைப்பிலும் ஒரு பொட்டு வேண்டும் என்றேன். இனி எப்போதும். ஆறுச்சாமி தூரிகையை வேண்டாம் என்றுவிட்டார். மோதிர விரலால் வைத்தார், மேலிருந்து கீழாக, ஒன்றையும் விடாமல். சில இடங்களில் என்னை வைக்கச் சொன்னார்.

மின்சாரம் வந்தது. முதலில் பாதி வரிசைகளை மட்டும் ஓட்டினார்கள். நான் மஞ்சள் கோட்டில் நின்றேன். முதலில் பேனலைப் பார்த்தேன், வெறும் கண்ணால். புது வெண்கலம் போலப் பட்டைகள், அவற்றின் மேல் கறுப்புப் பொட்டுகள். பிறகு கேமராவை உயர்த்தினேன்.

நீலம். வெறும் நீலம். சற்று நேரம் கழித்து, மேல் மூலையில் ஒன்று. அதற்குப் பக்கத்தில் ஒன்று. பிறகு கீழே வரிசையாக. சாயங்காலம் தெருவிளக்குகள் எரிவது போல ஒவ்வொன்றாக வந்தன. எதுவும் மற்றதைவிட வெளுக்கவில்லை. நடு இணைப்பும். கீழிருந்து மேலாக இன்னொரு முறை போனேன். எல்லாம் ஒரே மங்கிய ஊதா.

பின்னால் சென்னியப்பன். அவருக்குப் பின்னால் கதவு நிறைய ஷிப்ட் ஆட்கள், வராந்தாவிலிருந்து எட்டிப் பார்க்கும் பெண்கள். திரையை அவர் பக்கம் திருப்பினேன். அவர் அதைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார்.

"மிச்ச வரிசையும் போடட்டுங்களா அம்மிணி?"

"போடுங்க," என்றேன்.